வெள்ளிக்கிழமை நோன்பும் வெள்ளித்திரையும்

"1975ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திப் படங்களுள் காலத்தை வென்று நிற்பவை எவை?" என்றொரு வினா, நம் சங்கத்தின் மாலைக் கூட்டமொன்றில் எழுந்தது. 'ஷோலே' என்றார் ஒருவர். 'தீவார்' என்றார் மற்றொருவர். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் 'ஜெய் சந்தோஷி மா' என்றார். அவை சிரித்தது. சிரித்தவர்களுள் நாமும் ஒருவராய் இருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். அந்த அம்மையார் மறுமொழி ஒன்றும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வீடு திரும்பும் மின்ரயிலில் அச்சிரிப்பு நம்மை உறுத்தத் தொடங்கியது. ஏன் சிரித்தோம் என்பதற்கு நம்மிடம் நேர்மையான விடை இல்லை. இக்கட்டுரை அச்சிரிப்புக்கு எதிராக எழுதப்படுவது.

படத்தை அறியாத இளையோர்க்காகச் சில செய்திகள். இயக்கியவர் விஜய் சர்மா. குறைந்த செலவில், முன்னணி நாயகர் எவருமின்றி எடுக்கப்பட்ட படம். சத்தியவதியாகக் கானன் கௌசலும், தேவியாக அனிதா குஹாவும் நடித்தனர். பாடல்கள் கவி பிரதீப் எழுதியவை, இசை சி. அர்ஜுன், ஆரத்திப் பாடலைப் பாடியவர் லதாவின் தங்கை உஷா மங்கேஷ்கர். எழுபது மில்லிமீட்டர் அகலத்தில் 'ஷோலே' ஓடிய அதே ஆண்டில், அட்டையும் சரிகைத்தாளும் கொண்டு கட்டிய இந்த மேலுலகம் வசூலில் அதனோடு ஒப்ப வைத்துப் பேசப்பட்டது. அரங்க வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்கள் உள்ளே சென்றனர். திரையில் ஆரத்தி நடந்தபோது பூவும் காசும் திரையை நோக்கிப் பறந்தன. சிற்றூர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக நகரத்துக் கொட்டகைக்கு வந்தனர். 1980இல் வீணா தாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் இதனை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நம்மவர் அதுவரையிலும், அதன் பின்னும், சிரித்துக்கொண்டே இருந்தோம்.

இப்படம் ஏன் நிலைத்தது? இருசாரார் இருவேறு விடை கூறுவர். இரண்டும் பிழை என்பது நம் கருத்து.

முதற்சாரார் பக்திமான்கள். "தேவியின் அருள், பாரத நாட்டின் பக்தி" என்பர். நன்று. அருளே காரணமாயின், அக்காலத்தில் வந்து ஒரு வாரமும் தாங்காமல் பெட்டிக்குள் முடங்கிய புராணப் படங்களுக்கு எந்தத் தேவதை அருள் மறுத்தது? இராமனும் கண்ணனும் சிவனும் நாயகராய் நின்ற படங்களே வீழ்ந்திருக்கின்றன. சந்தோஷி மாதாவோ பழம்புராணம் எதிலும் இடம்பெறாதவள். அவளாக நடித்த அனிதா குஹாவே, அப்படத்துக்கு முன் இத்தெய்வத்தின் பெயரைக் கேட்டதில்லை என்று கூறியிருக்கிறார். 1961இல் 'சம்பூர்ண இராமாயணம்' படத்தில் சீதையாக நடித்தவர் அவர். சீதையாய் நடித்துப் பெறாத வழிபாட்டைப் பெயரே அறியாதிருந்த ஒரு தெய்வமாய் நடித்துப் பெற்றார் என்றால், பக்தி என்னும் பொதுச்சொல் இங்கு ஒன்றையும் விளக்கவில்லை.

இரண்டாம் சாரார் படித்தவர்கள். நம் சங்கத்தில் இவர்களே மிகுதி. "சினிமாக்காரர் ஒரு தெய்வத்தைக் கண்டுபிடித்தனர், அறியாத பெண்கள் ஏமாந்தனர்" என்பது இவர்தம் முடிவு. இது வரலாறு அறியாத பேச்சு. படம் வருமுன்னரே, 1960களில், இந்நோன்பு வடநாட்டில் வீட்டுக்கு வீடு பரவிக்கொண்டிருந்தது. மலிவுத்தாளில் அச்சிட்ட நோன்புக்கதைப் புத்தகமும் வண்ணப்படமும் கோயில் வாயிற்கடைகளில் விற்றன. படம் நோன்பை உண்டாக்கவில்லை. ஒருத்தி வாயிலிருந்து மற்றொருத்தி காதுக்குச் சென்றுகொண்டிருந்த ஒன்றைத் திரை தன் தோளில் ஏற்றி நாடு முழுதும் நடந்தது. ஏமாற்றுவதற்கு முன், ஏமாறுவோர் வேண்டிய ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் அன்றோ? அது யாது என்று இந்தப் படித்தவர்கள் கேட்டதேயில்லை.

நாம் கூறும் விடை எளிது. நோன்பு சிறியதாய் இருந்ததாலேயே படம் பெரிதாயிற்று.

சற்றே எண்ணிப் பாருங்கள். தீபாவளி பெருநாள். அதற்குப் புத்தாடை வேண்டும், எண்ணெய் வேண்டும், இனிப்பு வேண்டும், கடன் வேண்டும். விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல் வேண்டும்; பந்தலுக்குக் குழு வேண்டும்; குழுவுக்குத் தலைவர் வேண்டும்; தலைவர் ஆண்பிள்ளையாய் இருப்பார். பெருநாள்களில் பெண்ணின் பங்கு அடுப்படியில் தொடங்கி அடுப்படியில் முடியும். சந்தோஷி மாதா நோன்புக்கு வேண்டியவை வெல்லத்துண்டு ஒன்றும் ஒரு பிடி வறுத்த கடலையும். புரோகிதர் வேண்டா, வடமொழி வேண்டா, கோயில் வேண்டா, நல்ல நேரம் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டா. சுவரில் ஒரு படம், ஒரு விளக்கு, ஒரு செம்பு நீர். கதையைத் தானே படிக்கலாம். எழுத்தறியாதவள் அண்டை வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். பத்தடி அகலத்து ஒற்றை அறைக்குள், கணவனும் மாமியாரும் அறியாமலே கூட ஒரு பெண் இதனைத் தொடங்கிவிட முடியும். பஞ்சாங்கத்தில் சிவப்பு எழுத்தில் அச்சிடப்படாத நாள் இது. அரசு விடுமுறையும் இல்லை. அதனாலேயே அது முழுக்க முழுக்க அவளுடைய நாள்.

இன்னொன்று. இதனை வணிகம் அறிந்தவர்களும் கவனித்ததாகத் தெரியவில்லை. பெருநாளைப் பற்றிய படம் அப்பெருநாளோடு வாடிவிடும். பொங்கல் முடிந்தபின் கரும்புக்கு விலை ஏது? இந்த நோன்போ பதினாறு வெள்ளிக்கிழமை தொடர்வது. ஏறத்தாழ நான்கு திங்கள். ஆண்டின் எந்த வெள்ளியிலும் தொடங்கலாம். ஒருத்தி முடிக்கும் வாரத்தில் இன்னொருத்தி தொடங்குவாள். ஆகவே இப்படத்துக்குப் பருவம் என்பதே இல்லாது போயிற்று. இந்திப் படங்கள் வெளியாகும் நாளும் வெள்ளியாகவே அமைந்தது தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்!

கதைக்கு வருவோம். தொடக்கம் இரக்ஷாபந்தன நாள். தந்தையின் கையில் அத்தை காப்பு கட்டுவதைக் கண்ட விநாயகரின் புதல்வர், தமக்கும் தங்கை வேண்டுமென்று அடம் பிடிக்கின்றனர். சுடராய்ப் பிறக்கிறாள் ஒரு பெண். (நம் ஊர்ப் பிள்ளையார் ஆற்றங்கரையில் தனியே அமர்ந்திருக்கும் பிரமச்சாரி. அவருக்கு இரு மனைவியரும் பிள்ளைகளும் உண்டென்று முதன்முதல் திரையில் கண்ட நம் பாட்டிமார் திகைத்த திகைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.) மேலுலகக் கதை இவ்வளவே. உடனே படம் கீழே இறங்கி ஒரு கூட்டுக்குடும்பத்தின் சமையற்கட்டுக்குள் புகுந்துவிடுகிறது. அங்கேயே தங்கியும் விடுகிறது.

எழுவர் உடன்பிறந்தார். இளையவன் பிர்ஜு. வருவாய் இல்லாதவன். மற்றவர் உண்டு கழித்த எச்சிலை அவனுக்கு இடுகின்றனர். அவன் அறியான். அறிந்த அன்று வீட்டைவிட்டு வெளியேறுகிறான், பொருள் தேடி வருவதாகச் சொல்லி. மனைவி சத்தியவதி ஓரகத்திகளிடம் அகப்படுகிறாள். வசை, பட்டினி, விறகு சுமத்தல். சென்ற ஊரில் கணவன் அவளை மறந்து போகிறான். உயிரை விடத் துணிந்தவளை நாரதர் தடுத்து நோன்பைச் சொல்லித் தருகிறார்.

இக்கதையில் புதுமை எங்கே என்று கேட்பர். புதுமை இல்லை, உண்மை இருக்கிறது. திரையில் கடவுளைக் காட்டியவர் பலர். எச்சில் சோற்றைக் காட்டியவர் யார்? எந்தத் தட்டில் முதலில் பரிமாறப்படுகிறது, எதில் அடிப்பற்று விழுகிறது, வருவாய் குறைந்தவனின் மனைவிக்கு அடுக்களையில் எந்த மூலை என்பனவெல்லாம் காப்பியப் பொருளல்ல என்று தள்ளியவர்கள் நாம். அரங்கில் அமர்ந்திருந்த பெண்ணுக்கு அதுவே அவள் வாழ்க்கையின் மகாபாரதம்.

மேலும் இந்தப் பம்பாயில் (அன்று அதுவே பெயர், 1995இல் மும்பை ஆயிற்று) பிழைக்க வந்தவர் யார்? பொருள்வயிற் பிரிந்தவர். பாலைத்திணையை மேடையில் விரித்துரைக்கும் நம் புலவர்கள், அதே பிரிவு ஒரு மலிவுப்படத்தில் வந்தபோது கண்டுகொள்ளவில்லை. ஊரில் மனைவியை விட்டுவிட்டு ஆலைக்கு வந்தவன், மனைவியை இங்கே விட்டுவிட்டு வளைகுடாவுக்குக் கப்பலேறியவன் எனச் சால் வரிசையில் கதவுக்குக் கதவு ஒரு பிர்ஜு இருந்தான். அவன் மறந்துவிடுவானோ என்ற அச்சத்தை வாய்விட்டுச் சொல்லவும் பெண்ணுக்கு உரிமையில்லை. அச்சொல்லை அவளுக்காகப் படம் சொல்லிற்று.

முடிவில் தேவி கொடுக்கும் வரம் யாது? வீடுபேறன்று. தனி வீடு! பொருளோடு திரும்பிய கணவன், மனைவியோடு பிரிந்து வந்து, பூசையறையுடன் கூடிய பெருமனை ஒன்றில் குடியேறுகிறான். தனிக்குடித்தனம் என்னும் சொல்லை உச்சரித்தாலே குடும்பத்தில் பூகம்பம் எழுந்த காலம் அது. அவ்விருப்பத்தைத் தெய்வத்தின் வாயாலேயே நியாயமாக்கியது இப்படம். பொதுக்குழாயடியில் குடத்தோடு விடியற்காலை நிற்கும் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய சொர்க்கத்தை எந்தப் புராணம் காட்டியிருக்கிறது?

இங்கே நாம் மதிக்கும் ஓர் எதிர்ப்புரையும் உண்டு. அதனைச் சிரித்துத் தள்ள இயலாது. "அடித்தாலும் பொறுத்திரு, பட்டினி கிட, தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று பெண்ணுக்கு அடிமைத்தனத்தையன்றோ இப்படம் கற்பிக்கிறது?" என்பது அது. பகுத்தறிவு இயக்கம் வளர்த்த நம் தலைமுறைக்கு இவ்வினா இயல்பானது. இதில் பாதி உண்மை. ஓரகத்திகளை வில்லிகளாக்கிவிட்டு, வீட்டு ஆண்களை வெறும் பொம்மைகளாய்த் தப்பவிட்டது படத்தின் குற்றமே. பெண்ணுக்குப் பெண்ணே பகை என்ற பழம்பொய்யை அது மாற்றவில்லை. கணவன் மறந்ததற்கும் அவன் பொறுப்பாளியல்லன். மேலுலகத்துச் சூழ்ச்சியே காரணம் என்று அவனுக்கு நற்சான்று வழங்கிவிடுகிறது. இதனை நாம் மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் மறுபாதியைக் காண்க. பார்வதி, இலக்குமி, பிரமாணி ஆகிய மூத்த தேவியர் மூவரும் இந்தப் புதியவள் மீது பொறாமை கொள்கின்றனர். அவளுடைய அடியாளைத் துன்புறுத்துகின்றனர். அதாவது, மேலே இருப்பதும் ஒரு கூட்டுக்குடும்பம்; அங்கும் மூத்த மருமகள்கள்; அங்கும் இளையவளுக்கு இடமில்லை. நாட்டின் தலையாய தெய்வங்களை இவ்வாறு அடுப்படிச் சண்டைக்காரிகளாக்க எந்தப் பகுத்தறிவுவாதி துணிந்தான்? பக்திப்படம் துணிந்தது, பக்தைகளும் முகம் சுளிக்காமல் பார்த்தனர். இறுதியில் மூவரும் இறங்கி வர வேண்டியிருக்கிறது. சத்தியவதி அடங்கிப் போகிறவளாய்த் தோன்றுகிறாள். ஆனால் எவருக்காகவும் தன் தெய்வத்தை மாற்றிக்கொள்ள மறுக்கிறாள். பொறுமை வேறு, பணிவு வேறு என்பதை அரங்கிலிருந்த பெண்கள் நம்மைவிட நன்கு உணர்ந்திருந்தனர்.

கலைத்திறன் பற்றி ஒன்றே சொல்வோம். தந்திரக் காட்சிகள் நகைப்புக்குரியன; மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆரத்திப் பாடலில், ஒளிப்படக்கருவி தேவியின் முகத்துக்கும் சத்தியவதியின் முகத்துக்குமாக மாறி மாறிச் செல்வதைப் பாருங்கள். அவள் பார்க்கிறாள், பார்க்கப்படுகிறாள். கோயிலில் ஆண்களின் முதுகுகளுக்குப் பின்னே எட்டிப் பார்த்தே பழகிய கண்களுக்கு இந்த நேர்முகக் காட்சி எத்தகையது என்பதை, முன்வரிசையில் நின்று பரிவட்டம் பெறும் நாம் எவ்வாறு அறிவோம்? செருப்பைக் கழற்றியதற்குக் காரணம் அறியாமை அன்று. அங்கே தரிசனம் நடந்தது.

நம் தமிழ்ப் படத்தையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். 1971இல் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'ஆதி பராசக்தி' வந்தது. நல்ல படம்; நாமும் விரும்பிப் பார்த்தது. அதில் அபிராமிபட்டருக்காக அமாவாசை வானில் நிலவு தோன்றுகிறது. பெரிய தெய்வம், பெரிய அடியார், பெரிய அற்புதம். அதைக் கண்டு கை கூப்பலாம். வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. சந்தோஷி மாதாவின் படத்தைக் கண்டவள் திரும்பும் வழியில் கடலையும் வெல்லமும் வாங்கிக்கொண்டு போனாள். படம் முடிந்தபின் அவள் செய்வதற்கு ஒன்று இருந்தது. 2006இல் அதே பெயரில் புதுப்படம் ஒன்று எடுத்தனர். பழையதன் இடத்தை அது பெறவில்லை. பெயரை எடுத்துக்கொள்ளலாம், அந்த வெள்ளிக்கிழமைகளை எங்கிருந்து எடுப்பது?

இனி, கோபித்துக்கொண்டாலும் சரி, நம்மவரிடமே ஒரு வினா. ஆண்டுதோறும் இத்தகைய மலர்களை வெளியிடுகிறோம். சிலம்பு உண்டு, கம்பன் உண்டு, குறள் கட்டாயம் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் நோன்பன்று சொல்லும் கதை ஒன்றேனும் இம்மலர்களில் அச்சேறியதுண்டா? தென்மாவட்டத்துக் குடும்பங்களில் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் வழங்கும். ஆண்கள் உறங்கியபின் பெண்கள் கூடி, உப்பில்லாத மாவில் கொழுக்கட்டை பிடித்து, கதை சொல்லி, விடியுமுன் உண்டு முடிப்பர். ஆண் குழந்தைக்கும் அங்கு இடமில்லை. சங்கத்துச் செயற்குழுவுக்கு இடமில்லாமற் போனதில் வியப்பென்ன! ஆனால் காரடையான் நோன்புக்குக் கதை உண்டே. அது மறைபொருளும் அன்றே. அடையைச் சாப்பிட்டோம், கதையைக் கேட்டோமா? இலக்கியம் என்பது எது என்று நாம் வகுத்த வேலிக்கு வெளியே அக்கதைகள் நின்றன. இந்திக்காரர் தம் வீட்டு நோன்புக்கதையைக் காலணாப் புத்தகமாக்கினர்; பின் திரைக்கும் கொண்டுபோயினர். நாம் அதைப் பார்த்துச் சிரித்தோம். இவ்வூரில் பிறந்து வளர்ந்த நம் பேத்திகளுக்கு இன்று இரண்டுமே தெரியாது.

அடுத்த மலரில் நான்கு பக்கங்களை அதற்கென ஒதுக்கச் செயற்குழுவிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். பின்வரிசை அம்மையாரைத் தேடிச் சென்று பார்த்தும் வந்தோம். அவர் சொன்ன முதற்சொல், "நீங்களும்தானே சிரித்தீர்கள்?" என்பதுதான்.

சிரித்திருக்கக் கூடாதவர் நாம். ஏனெனில் படம் வந்த மறு ஆண்டு, எங்கள் சால் வரிசையில் கடைசி அறையில் இருந்த ஓர் அக்காள் பதினாறு வெள்ளி நோன்பிருந்தார். கணவர் வளைகுடா சென்று கடிதமின்றி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவ்வீட்டில் புளிக்குழம்பு இல்லை, எலுமிச்சை இல்லை, மோர் இல்லை. இந்நோன்பில் புளிப்பு விலக்கு. புளியின்றித் தமிழச்சி ஒருத்தி சமைத்த சமையலை எண்ணிப் பாருங்கள்! நோன்பு நிறைவன்று சிறுவர் எண்மரை அழைத்து உணவிட வேண்டும். அன்று முழுதும் அவர்களும் புளிப்பைத் தொடலாகாது. படத்தில் அந்த விருந்தில்தான் ஓரகத்திகள் புளிப்பைக் கலந்து கேடு சூழ்கின்றனர். எங்கள் எண்மருக்கும் அக்கதை தெரியும். அக்காளே கூட்டிச் சென்று படம் காட்டியிருந்தார்.

பூரியும் பாயசமும் உண்டோம். கையில் காசு தரக்கூடாது என்பதும் விதி. எங்களுக்குப் பழம் கொடுத்து அனுப்பினார். மாலையில் எங்களுள் ஒருவன் வீட்டிலிருந்து எட்டணா எடுத்து வந்தான். தெருமுனையில் பேல்பூரி வண்டி நின்றது. புளிச் சட்னியைக் கூட்டி ஊற்றச் சொல்லி எண்மரும் பங்கிட்டு உண்டோம். கடைசிக் கவளம் இறங்கியபோதுதான் ஒருவன் நினைவுபடுத்தினான்.

எவரிடமும் சொல்வதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்துகொண்டோம். அதன்பின் நாள்தோறும் பகல் இரண்டு மணிக்கு, அஞ்சல்காரர் மாடிப்படி ஏறும் ஓசை கேட்டால், விளையாட்டை நிறுத்திவிட்டு எண்மரும் அந்தக் கடைசி அறையின் கதவையே பார்த்துக்கொண்டு நிற்போம்.